ஆத்தாவுக்கு ‘வில்’ போட்டு ஒரு வாக்கியம்

ஆங்கிலத்தில் மோடல் வெர்ப் என்று ஒரு கூட்டம் உண்டு. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட். நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. ஒரு வேலை நடந்துச்சா இல்லையாங்கறதை இந்தச் சொற்கள் சொல்லாது. செய்ய முடியுமா, செய்யலாமா, செய்யணுமா, செய்யக் கூடாதா, அதைத்தான் சொல்லும்.

எட்டாவது படிக்கிற என் மகளுக்குப் பள்ளிக்கூடத்துல இதுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தாங்க. கைக்குழந்தையையும் ரொம்ப வயசானவங்களையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் ரெண்டு ரெண்டு வாக்கியம் எழுதணும். மத்த பிள்ளைங்க யோசிச்சு எழுதணும். எங்க வீட்டுல அந்தச் சிரமம் இல்ல. ரெண்டு பேருமே திண்ணையில இருக்காங்க. தம்பி மகளுக்கு எட்டு மாசம். எங்கப்பாவைப் பெத்த ஆத்தாவுக்குத் தொண்ணூறுக்கு மேல. ஆதார் அட்டையில 1932 ஜனவரி ஒண்ணாம் தேதின்னு இருக்கு. அது பதிவு பண்ண வந்தவர் போட்ட தேதி. ஐப்பசி மாச அடைமழையில பொறந்தவங்கறது மட்டும்தான் ஆத்தாவுக்குத் தெரியும்.

மகள் நோட்டுக்கு நடுவுல கோடு போட்டு, இடப்பக்கம் பாப்பா, வலப்பக்கம் ஆத்தான்னு எழுதிக்கிட்டா. சாயங்காலம் பால் கறந்து ஊத்திட்டு வந்து நானும் கூட உக்காந்தேன். முடிக்க நாலு நாள் ஆச்சு. ஆங்கிலம் எவ்வளவு ஏறுச்சோ தெரியல, தமிழ் கொஞ்சம் புரிஞ்சுது. அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல கேன். பாப்பா நடக்காது, ஆத்தாவால காட்டுக்கு நடந்து போக முடியாது. ரெண்டு பக்கமும் ‘கேனாட்’. பாப்பாவால முறுக்கு கடிக்க முடியாது, ஆத்தாவாலயும் முடியாது. பாப்பாவுக்கும் சோத்தைக் குழைச்சுத்தான் ஊட்டணும், ஆத்தாவுக்கும் குழைச்சுத்தான் வைக்கணும். பத்து நிமிசத்துல ரெண்டு பக்கமும் நிறைஞ்சு போச்சு. “ரெண்டும் ஒரே மாதிரியே இருக்குதுங்கப்பா”ன்னா மகள்.

ஊர்லயும் அப்படித்தானே சொல்றோம்? வயசானா குழந்தை மாதிரி ஆயிடுவாங்கன்னு. பிரியமாத்தான் சொல்றோம். ஆனா அந்த நோட்டைப் பார்த்தப்போ அந்தப் பேச்சு சரியில்லைன்னு பட்டுது. ஆங்கிலத்துல ஒரே ‘கேன்’ வர்ற இடத்துல தமிழ்ல நாம மூணு விதமாப் பேசறோம். “நீச்சல் தெரியுமா?”ன்னு கேக்கறோம். அது கத்துக்கிட்டது. “மூட்டை தூக்க முடியுமா?”ன்னு கேக்கறோம். அது உடம்புல இருக்கற தெம்பு. “உள்ள வரலாமா?”ன்னு கேக்கறோம். அது அனுமதி. இந்த மூணுக்கும் ஆங்கிலத்துல ‘கேன்’ ஒண்ணே போதும்.

இப்போ நோட்டைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. பாப்பாவுக்கு நாத்து நடத் தெரியாது, முடியாது. ஆத்தாவுக்கு நாத்து நடத் தெரியும், முடியாது. ரெண்டு ‘கேனாட்’டும் ஒண்ணு இல்ல. ஆத்தா திண்ணையில உக்காந்துக்கிட்டே “தெக்கால காத்து மாறிருச்சு, காயப்போட்டதை எடுங்க”ம்பாங்க. மாட்டோட அசையில வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுவாங்க. தெரியறது அத்தனையும் உள்ள அப்படியே இருக்கு. முடியறது மட்டும்தான் குறைஞ்சிருக்கு. குழந்தை மாதிரின்னு சொல்றப்போ அந்தத் தெரியறதையும் சேர்த்து இல்லைன்னு ஆக்கிடறோம்.

ரெண்டாவது சொல் குட். முன்னாடி முடிஞ்சது. பாப்பா பக்கம் காலியா விட வேண்டியதாப் போச்சு. எட்டு மாசத்துல என்ன பழங்கதை இருக்கும்? ஆத்தா பக்கம் இடம் பத்தல. அப்பாரு கவலை ஓட்ட, ஆத்தா மம்முட்டியோட நின்னு மடை மாத்தித் தண்ணி கட்டியிருக்காங்க. மூணு பிள்ளை பெத்து, ஒண்ணைப் பறிகொடுத்து, மத்த ரெண்டையும் காட்டு வேலைக்கு நடுவுல வளர்த்திருக்காங்க. கூடையில தக்காளி சுமந்து சந்தைக்கு நடந்திருக்காங்க. மகள் கேக்கக் கேக்க ஆத்தா சொல்லிக்கிட்டே போனாங்க. கடைசியில அவளே, “போதுங்காத்தா, ரெண்டு வாக்கியம்தான் கேட்டிருக்காங்க”ன்னுட்டா.

ஒண்ணு கவனிச்சீங்களா? குழந்தை எந்த மாசம் என்ன செய்யும்னு நம்மகிட்ட கணக்கு இருக்கு. பிள்ளைத்தமிழ் பாடினவங்க மூணாம் மாசத்துல ஆரம்பிச்சு, ரெண்டு ரெண்டு மாச இடைவெளியில பத்துப் பருவம் வச்சாங்க. அஞ்சாம் மாசம் செங்கீரை, தலையைத் தூக்கி ஆடறது. ஒன்பதாம் மாசம் சப்பாணி, கை கொட்டறது. பதிமூணாம் மாசம் வருகை, தளர்நடை போட்டு வர்றது. இன்னைக்கும் அந்தக் கணக்கு வேற உருவத்துல இருக்கு. சுகாதார நிலையத்துல கொடுத்த தடுப்பூசி அட்டையில தேதி போட்டு வச்சிருக்கு. ஒன்பது மாசம் முடிஞ்சா தட்டம்மை, ருபெல்லா ஊசி. தப்பினா கிராம செவிலியர் வீட்டுக்கே வந்து கேப்பாங்க.

வயசானவங்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்ல. பெண்ணுக்குப் பேதை, பெதும்பைன்னு ஆரம்பிச்சு ஏழு பருவம் சொன்னாங்க. அது பேரிளம்பெண்ணோட, நாப்பது வயசுல முடிஞ்சுடுது. எங்க ஆத்தா அதுக்கு மேல அம்பது வருசத்துக்கு மேல வாழ்ந்துட்டாங்க. அந்த அம்பது வருசத்துக்குப் பேரே இல்ல.

அடுத்தது மைட். ‘விழக்கூடும்’னு மகள் எழுதினா. நம்ம ஊர்ப் பேச்சுல யார் அப்படிச் சொல்றாங்க? “விழுந்தாலும் விழுவாங்க”ம்போம். இது ரெண்டு பேருக்கும் பொருந்தும். ரெண்டு பேரையும் சுத்தி எந்நேரமும் ஒரு கண்ணு இருக்கு. ஆனா பாப்பா விழறது கத்துக்கறதோட ஒரு பங்கு. பிடிச்சு நிக்கப் பார்க்கும், தொப்புன்னு உக்காரும், ரெண்டு நிமிசம் அழும், மறுபடியும் நிக்கும். விழாம நடை பழகின குழந்தை இல்ல. தொண்ணூறுல விழறது அப்படி இல்ல. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர் குளியலறையில வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்தவர், எந்திரிக்கவே இல்ல. அதனால குளியலறையில கம்பி அடிச்சிருக்கோம், தரையில சொரசொரப்பா சிமெண்ட் போட்டிருக்கோம், ராத்திரியில சின்ன விளக்கு எரியும். ‘விழுந்தாலும் விழுவாங்க’ங்கறதுக்கு நாம செய்யக்கூடியது இவ்வளவு. எந்திரிக்கவே விடாம உக்கார வைக்கறது இதுல சேராது. நடக்காம இருந்தா காலுல இருக்கற கொஞ்சநஞ்ச பலமும் போயிடும். அப்புறம் விழ இன்னும் வாய்ப்பு அதிகம்.

மஸ்ட் நாட் எழுதறப்போ நோட்டுல இடம் பத்தல. பாப்பாவுக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணிகூடக் கொடுக்கக் கூடாது. சேனைத் தண்ணி வைக்கக் கூடாது. ஒரு வயசு ஆகிற வரைக்கும் தேன் கூடாது. முழுக் கடலை, பொட்டுக்கடலை கிட்டக்கவே இருக்கக் கூடாது, மூச்சுக்குழாயில சிக்கிடும். எல்லாத்துக்கும் காரணம் இருக்கு, எல்லாத்துக்கும் ஒரு முடிவும் இருக்கு. ஒரு வயசானா தேன் கொடுக்கலாம். பாப்பாவோட ‘கூடாது’ மாசா மாசம் குறைஞ்சுக்கிட்டே வரும்.

ஆத்தாவோட ‘கூடாது’ ஏறிக்கிட்டே போகும். அடுப்புகிட்டப் போகக் கூடாது. கெணத்துப் பக்கம் போகக் கூடாது. வெயில்ல உக்காரக் கூடாது. மாட்டுக்குத் தண்ணி காட்டக் கூடாது. சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது. இதுல கடைசி ஒண்ணு டாக்டர் சொன்னது, புரையேறிடும்னு. மத்ததெல்லாம் யார் சொன்னது? ஒரு வீட்டுல அஞ்சு பேர் இருந்தா அஞ்சு பேரும் ஆளுக்கொரு ‘கூடாது’ போடுவாங்க. எடுக்கறதுக்கு யாரும் இல்ல.

மஸ்ட் பக்கம் ஒரு வேடிக்கை. பாப்பா எதையும் செஞ்சே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. ஊசி போடணும், பால் கொடுக்கணும், எல்லா ‘ணும்’மும் நம்ம மேலதான். அதுக்குச் சட்டம் தேவைப்படல, தானா நடக்குது. வயசானவங்களைப் பார்த்துக்கணுங்கறதுக்குச் சட்டம் போட வேண்டியிருந்துச்சு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கவனிக்காத பிள்ளைங்ககிட்ட இருந்து மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் வாங்கித் தர அதுல வழி இருக்கு. நல்ல பக்கமும் சொல்லணும். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல ஆத்தாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருது. கொண்டு வர்ற பொண்ணு அஞ்சு நிமிசம் உக்காந்து பேசிட்டும் போகும். அந்தப் பேச்சுக்காக ஆத்தா காத்துக்கிட்டு இருப்பாங்க.

மே. அனுமதி கேக்கற சொல். பாப்பா பக்கம் என்ன எழுதறதுன்னு மகளுக்குத் தெரியல. பாப்பா எதுக்கும் அனுமதி கேக்கறதில்ல. வேணும்னா கை நீட்டும், வேண்டாம்னா வாயை இறுக்கி மூடி மூஞ்சியைத் திருப்பிக்கும். ஒரு வார்த்தை பேச வர்றதுக்கு முன்னாடியே ‘மாட்டேன்’ வந்துடுது பாருங்க.

ஆத்தா பக்கத்துக்கு நான் யோசிச்சப்போதான் ஒண்ணு உறைச்சுது. ஆத்தா பேச்சுல இப்போ ‘ட்டுமா’ நிறைய இருக்கு. “செத்த வெளிய உக்காரட்டுமா சாமி?” “இந்தத் துணியை மடிக்கட்டுமா?” “இன்னொரு வாய் காப்பி குடிக்கட்டுமா?” இந்தத் திண்ணைக்கு மண்ணு மிதிச்சவங்க அவங்க. நான் சின்னப் பையனா இருந்தப்போ அவங்க பேச்சு ‘ட்டுமா’ல முடிஞ்சு நான் கேட்டதில்ல. “போடு”, “எடு”, “போய்ட்டு வா”, அவ்வளவுதான். யாரும் அவங்களைக் கேட்டுத்தான் செய்யணும்னு சொல்லல. ஒவ்வொரு ‘கூடாது’க்கும் ஒரு ‘ட்டுமா’ தானா வந்து சேர்ந்திருக்கு.

நீட் நாட்தான் எனக்கு ரொம்ப நேரம் ஓடிச்சு. ‘செய்ய வேண்டியதில்ல’, ‘தேவையில்ல’ன்னு பொருள். “நீங்க எதுக்குங்காத்தா சிரமப்படறீங்க, அதெல்லாம் தேவையில்ல, நாங்க பாத்துக்கறோம்.” இதைச் சொல்லாத வீடு இல்ல. பாசத்துலதான் சொல்றோம். சொல்றவங்களுக்கு அது ‘சிரமம் வேண்டாம்’. காலையில ஒண்ணு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ஒண்ணுன்னு தினமும் கேக்கறவங்களுக்கு? தமிழ்ல ‘அது தேவையில்ல’ங்கறதுக்கும் ‘நீ தேவையில்ல’ங்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரம் ஒரு சொல்தான்.

நாலாம் நாள் வில். பாப்பா பக்கம் மகள் நிறுத்தாம எழுதினா. பாப்பா நடப்பா, பேசுவா, என் சைக்கிள் ஓட்டுவா, பள்ளிக்கூடம் போவா. வலப்பக்கம் வந்ததும் பேனா நின்னுடுச்சு.

“ஆத்தாவுக்கு வில் போட்டு என்னங்கப்பா எழுதறது?”

எனக்கும் உடனே ஒண்ணும் வரல. மனசுல முதல்ல வந்தது எழுதக்கூடியதா இல்ல. அவளுக்கும் அதுதான் வந்திருக்கும், மூஞ்சியில தெரிஞ்சுது. அப்புறம் அவளே எந்திரிச்சுப் போய், ஆத்தாவுக்கு நல்லாக் கேக்கற இடது காதுப் பக்கம் உக்காந்தா.

“ஆத்தா, நீங்க இனிமேல் என்ன பண்ணுவீங்கன்னு ஒண்ணு சொல்லுங்க. நோட்டுல எழுதோணும்.”

“நானா கண்ணு?”

“நீங்கதானுங்காத்தா.”

“நான் என்னத்தப் பண்ணப் போறேன். அதோ கெடக்கறாளே, அவ பண்ணுவா, அவளைப் பத்தி எழுது.”

மகள் போகல. உக்காந்தே இருந்தா. ஆத்தா கொஞ்ச நேரம் கழிச்சு என் பக்கம் திரும்பினாங்க.

“ஏஞ்சாமி, ஆடிக்குக் கடலை போடறயா?”

“மழை பேஞ்சாப் போடோணுங்காத்தா.”

“எத்தனை ஏக்கரா?”

“ஒன்றரை.”

“வெதைக் கடலை நான் உடைச்சுத் தர்றேன். மிசின்ல போட்டுராத. அதை எழுதிக்க கண்ணு.”

மகள் எழுதினா. ‘ஷி வில் ஷெல்’னு ஆரம்பிக்கற வாக்கியம். நாலு தடவை வேகமாச் சொல்லிப் பார்த்து நாக்கு குழறிச் சிரிச்சா. என்னன்னு புரியாமலேயே ஆத்தாவும் சிரிச்சாங்க.

நகரத்துல இருக்கறவங்களுக்காக ஒரு விளக்கம். விதைக்கடலையை மிசின்ல உடைச்சா வேகமா முடியும். ஆனா பருப்பு நசுங்கும், பிளக்கும், மேல இருக்கற செந்தோல் உரியும். தோல் உரிஞ்ச பருப்பு மண்ணுக்குள்ள சீக்கிரம் அழுகிடும், முளைப்பு குறையும். கையில உடைச்ச விதைதான் நல்ல விதை. ரொம்ப முன்னாடியே உடைச்சு வச்சாலும் முளைப்புத் திறன் போயிடும். அதனால விதைக்கறதுக்கு ரெண்டு வாரத்துக்குள்ளதான் உடைப்போம். ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பு வேணும். சுருங்கினது, ஓட்டை விழுந்தது, பூஞ்சை பிடிச்சது எல்லாம் பொறுக்கி எடுத்துடணும். அதுக்குக் கண்ணை விட விரல் முக்கியம். ஆத்தாவுக்கு ஒரு கண்ணுல புரை நீக்கியாச்சு, இன்னொரு கண்ணு மங்கல். விரலுக்கு ஒண்ணும் ஆகல. சொத்தைப் பருப்பு விரல்ல பட்டதுமே தனியாப் போயிடுது.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ பருப்பு தேறுது. சில நாள் அதுக்கும் குறைவு. முறத்தை மடியில வச்சுக்கிட்டு காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நடுவுல ஒரு தூக்கம். மொத்த விதையும் அவங்களால ஆகாது, அது அவங்களுக்கும் தெரியும். ரெண்டு வாரத்துல 15 கிலோன்னு வச்சாலும் கால் ஏக்கருக்கு ஆகும். மீதிக்கு வழக்கம்போல ரெண்டு பொம்பளையாளுங்க வர்றாங்க. அவங்க உடைச்சதையும் ஆத்தா ஒரு பிடி எடுத்துப் பார்த்து, “இதெல்லாம் தள்ளு”ன்னு ஒதுக்கறாங்க. அந்தப் பேச்சுல ‘ட்டுமா’ இல்ல.

பாப்பாவை அந்த நேரம் உள்ள வச்சுக்கறோம். அது தவழ்ந்து வந்து கடலையை எடுத்து வாயில போட்டுக்கும். எடுக்கறதுன்னா ரெண்டு விரல்ல இல்ல, இன்னும் உள்ளங்கையால வாரித்தான். விரல் நுனியால ஒரு பருப்பை எடுக்க இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும். அந்தக் கை வேலை பழகப் போகுது. இந்தக் கை எம்பது வருசம் செஞ்ச வேலையை இன்னும் விடல.

உங்க வீட்டுலயும், அடுக்குமாடியில பத்தாவது தளத்துல, ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்து வச்ச அம்மாவோ அப்பாவோ இருக்கலாம். ‘உங்களால என்ன முடியும்?’னு கேக்காதீங்க. அதுக்கு அவங்க ‘ஒண்ணும் முடியல’ன்னுதான் சொல்லுவாங்க. ‘என்ன செய்யப் போறீங்க?’ன்னு கேட்டுப் பாருங்க. முதல் பதில் ‘நான் என்னத்தச் செய்ய’ன்னுதான் வரும். அதோட எந்திரிச்சுப் போயிடாம கொஞ்ச நேரம் கூட உக்காருங்க. கீரை ஆய்ஞ்சு தர்றேன்னு சொல்லலாம், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தர்றேன்னு சொல்லலாம். சொன்னதுக்கப்புறம் ‘அதெல்லாம் தேவையில்ல’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கீரை ஆயறதுக்கு ஒரு மணி நேரம் ஆகட்டுமே.

ஆத்தா உடைச்ச விதையைத் தனிப் பையில கட்டி வச்சிருக்கேன். வீட்டுக்குக் கிழக்க, திண்ணையில இருந்து பார்த்தாத் தெரியற துண்டுல அதைப் போடறதா இருக்கேன். மழை கிடைச்சு விதைச்சா ஒரு வாரம், பத்து நாள்ல முளை தலை காட்டும். “எத்தனை முளைச்சுது, எத்தனை பொக்கையாப் போச்சுன்னு எண்ணிச் சொல்லோணும்”னு ஆத்தா இப்பவே என் மகள்கிட்டச் சொல்லி வச்சிருக்காங்க. மேகம் மேக்கால கூடிக்கிட்டு இருக்கு. பேஞ்சாலும் பேயும்.